ஏற்றத்தில் மட்டும் கரகரக்கும் கார்: சத்தம் எதைப் பின்தொடர்கிறது?

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும்போது, கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் தெரிந்துவிடும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் அடியிலிருந்து ‘கர்ர்ர்’ என்று ஒரு சத்தம். காலை எடுத்தால் அடங்குகிறது. மறுபடி அழுத்தினால் மறுபடி வருகிறது. குன்னூர் போய்ச் சேருவதற்குள் காரில் உட்கார்ந்திருக்கும் நான்கு பேரும் நான்கு விதமாகச் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் ஜெயிப்பது ‘கியர்பாக்ஸ் போச்சு’ என்கிற தீர்ப்புதான். கியர்பாக்ஸை இறக்கி, பேரிங் மாற்றி, திரும்ப ஏற்றி, பெரிய பில்லும் கட்டிய பிறகு அதே வளைவில் அதே சத்தம் கேட்கும். இப்படி வீணாகும் பணத்தை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் பெரும்பாலான தடவை கோளாறு கிழிந்த ஒரு ரப்பர் உறையிலோ, இன்ஜினைத் தாங்கும், அறுந்த ஒரு ரப்பர் மவுண்டிலோ, கழன்ற ஒரு தகட்டிலோதான் இருக்கும்.

‘கரகர’ என்பது ஒரே சொல். அதற்குப் பின்னால் குறைந்தது பத்து வெவ்வேறு கோளாறுகள் இருக்கலாம். எப்படிக் கேட்கிறது என்பதை விட, சத்தம் எதைப் பின்தொடர்கிறது என்பதுதான் முக்கியம். இன்ஜின் சுற்றும் வேகத்தையா, சக்கரம் சுற்றும் வேகத்தையா, அல்லது இன்ஜின் மீது விழும் பாரத்தையா? இந்த மூன்றையும் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதற்கு முன் எந்தப் பாகத்தையும் விலைக்கு வாங்காதீர்கள்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 326 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். ஐம்பது கிலோமீட்டர் சொச்சத்தில் ஏறக்குறைய 1,900 மீட்டர் ஏறுகிறோம். ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் 76 சதவீதம் அளவுதான். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் அங்கே ஏறத்தாழ கால் பங்கு சக்தியை இழக்கிறது. ஓட்டுநர் அதை ஈடுகட்ட ஆக்ஸிலரேட்டரை இன்னும் அழுத்துகிறார், கியரைக் குறைக்கிறார். கோவையில் அவிநாசி ரோட்டில் மாதக்கணக்கில் தெரியாமல் இருந்த தேய்மானம் மலையில் அரை மணி நேரத்தில் வாய் திறப்பதற்கு இதுதான் காரணம். மலை ரோடு கோளாறை உண்டாக்குவதை விட, ஏற்கெனவே இருப்பதைக் காட்டிக்கொடுப்பதே அதிகம்.

முதலில் வண்டியை நிறுத்திவைத்துச் செய்யும் சோதனை

சமமான தரை வேண்டும். மலையில் அது கிடைப்பதே அரிது என்பதால், பள்ளி மைதானம், பெட்ரோல் பங்க் ஓரம் என்று எங்காவது தேடிக்கொள்ளுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு மெதுவாக 3,000 ஆர்.பி.எம். வரை ஏற்றி இறக்குங்கள். சத்தம் வந்தால் சக்கரம், ஆக்ஸில், சக்கரத்தைச் சுற்றவைக்கும் டிரைவ் ஷாஃப்ட் எல்லாவற்றையும் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். மிஞ்சுவது இன்ஜின், பெல்ட் சுழலும் இடங்கள், சைலன்சர் குழாய், கிளட்ச், கியர்பாக்ஸின் முன்பகுதி.

இப்போது கிளட்சை முழுதாக மிதியுங்கள். மிதித்தவுடன் சத்தம் நின்று, விட்டவுடன் திரும்ப வந்தால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் (இன்ஜினின் சுழற்சி உள்ளே நுழையும் தண்டு) பேரிங் மீது சந்தேகம் விழ வேண்டும். தலைகீழாக, மிதிக்கும்போது மட்டும் கரகரத்தால் அது கிளட்ச் ரிலீஸ் பேரிங், அதாவது மிதிக்கும்போது கிளட்சை அழுத்தி விடுவிக்கும் பேரிங். மலையில் ரிலீஸ் பேரிங் சீக்கிரம் போவதற்கு ஒரு பழக்கம் காரணம். சீசன் நேரத்தில் குன்னூர் ஏற்றத்தில் வண்டிகள் நகர்ந்து நகர்ந்து போகும்போது, பலர் ஹேண்ட் பிரேக்கைத் தொடாமல் பாதிக் கிளட்சிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறார்கள். அந்த நேரம் முழுக்க அந்தப் பேரிங் பாரத்தோடு சுழல்கிறது, கிளட்ச் தட்டும் எரிகிறது. ரிலீஸ் பேரிங் மாற்ற கியர்பாக்ஸை இறக்கியே ஆகவேண்டும் என்பதால், இறக்கிய கையோடு கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட் தேய்மானத்தையும் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். கூலி ஒரு தடவையோடு போகும்.

கிளட்ச் எப்படி இருந்தாலும் சத்தம் மாறவில்லை, இன்ஜின் வேகத்தோடு மட்டும் ஏறி இறங்குகிறது என்றால் பெல்ட் பக்கம் போங்கள். இன்ஜினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டர், பெல்ட்டை இறுக்கும் டென்ஷனர், பெல்ட்டை வழிநடத்தும் ஐட்லர் ஆகியவற்றின் புல்லிகளைக் கையால் சுற்றிப் பாருங்கள். நல்ல பேரிங் எண்ணெய் போலச் சுழலும், கெட்டது மணல் அரைக்கும். பெல்ட் இல்லாமல் சில நொடிகள் மட்டும் இன்ஜினை ஓடவிட்டுக் கேட்பதும் உண்டு. வாட்டர் பம்ப் அந்தப் பெல்ட்டில் ஓடுகிற வண்டிகளில் அதை நீட்டிக்கக் கூடாது, இன்ஜின் சூடேறிவிடும்.

இதே நிலையில் இன்னொன்றையும் பார்த்துவிடலாம். சைலன்சர் குழாயைச் சுற்றி வெப்பத் தடுப்புத் தகடு இருக்கும். மழையும் ஈரமும் அதன் போல்ட்டைச் சுற்றி அரித்துவிட, ஓட்டை பெரிதாகித் தகடு ஆடும். குறிப்பிட்ட ஒரு ஆர்.பி.எம்.மில் மட்டும், அநேகமாக 2,000 பக்கம், கரகரத்துப் பிறகு காணாமல் போகும் சத்தம் பெரும்பாலும் இதுதான். குழாய் முழுதும் ஆறிய பிறகு கையால் தட்டினால் சலசலக்கும். பெரிய வாஷர் வைத்து முடுக்கினால் போதும். போல்ட் துளை முழுதாக அரித்துப்போயிருந்தால், ஸ்டீல் ஹோஸ் கிளாம்ப்பைக் குழாயோடு சேர்த்துச் சுற்றி இறுக்கலாம். பெரிய செலவே இல்லாத வேலை. ஆனால் இதற்கே ‘இன்ஜின் வேலை’ என்று சொல்லப்பட்ட வண்டிகள் உண்டு.

ஓடும்போது மட்டும் வந்தால்

நின்றபடி சத்தமில்லை என்றால் ஓட்டித்தான் பார்க்கவேண்டும். மூன்றாவது கியரில் ஏறுங்கள். அழுத்தும்போது சத்தம், காலை எடுத்தால் இல்லை என்றால் அது பாரத்தைப் பின்தொடர்கிறது. காலை எடுத்தாலும் அதே வேகம் இருக்கும்வரை சத்தமும் இருந்தால் சக்கர வேகத்தைப் பின்தொடர்கிறது, அதாவது வீல் பேரிங், டயர், பிரேக் பக்கம். வழக்கமான கையேடுகள் இங்கே ‘நியூட்ரலில் விட்டுப் பாருங்கள்’ என்று எழுதும். மலை இறக்கத்தில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். இன்ஜின் பிடிப்பு போய்விடும், பாரம் முழுக்க பிரேக்கில் விழும். மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. இரண்டாவது கியரில்தான் இறங்க வேண்டும் என்று அங்கே திரும்பத் திரும்பச் சொல்வது சும்மா இல்லை. நியூட்ரல் சோதனை சமதளத்துக்கு மட்டும்.

ஆனால் மலை நமக்கு வேறொரு சோதனையைத் தருகிறது. ஏறும்போது இன்ஜின் சக்கரத்தைத் தள்ளுகிறது. இரண்டாவது கியரில் இறங்கும்போது சக்கரம் இன்ஜினைத் தள்ளுகிறது. பற்சக்கரத்தின் ஒரு முகம் ஏற்றத்தில் உழைக்கிறது, மறு முகம் இறக்கத்தில் உழைக்கிறது. ஏறும்போது மட்டும் சத்தம் என்றால் பல்லின் ஒரு முகம், சி.வி. ஜாயின்ட் (டிரைவ் ஷாஃப்டின் மடங்கும் மூட்டு), மவுண்ட் இவற்றில் ஒன்று. இரண்டு திசையிலும் ஒரே அளவு சத்தம் என்றால் பேரிங் மீது சந்தேகம் கூடுகிறது. குன்னூரிலிருந்து பர்லியாறு வரை இறங்கி ஏறினாலே இந்த வித்தியாசம் தெளிவாகக் கேட்கும். கண்ணாடியை இறக்கி, மலைச் சுவர் இருக்கும் பக்கம் காதை வையுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம், அது எந்தப் பக்கச் சக்கரம் என்பதைக் கூடச் சொல்லிவிடும்.

சி.வி. ஜாயின்ட்: கொண்டை ஊசி வளைவின் முதல் பலி

முன்சக்கரம் இழுக்கும் கார்களில் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். கியர்பாக்ஸிலிருந்து ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் ஒரு டிரைவ் ஷாஃப்ட் போகிறது. சக்கரப் பக்கம் இருப்பது வெளி ஜாயின்ட், பொதுவாக ஆறு எஃகுக் குண்டுகள் வளைந்த பள்ளங்களில் ஓடும். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தாலும் சக்கரத்தைச் சீராகச் சுற்றவைப்பது அதன் வேலை. சுமார் 45 டிகிரி வரை மடங்கும். கியர்பாக்ஸ் பக்கம் இருப்பது உள் ஜாயின்ட், பெரும்பாலும் மூன்று உருளைகள் உள்ளது. அது மடங்குவது குறைவு, உள்ளும் வெளியுமாக நகர்வது அதிகம்.

கொண்டை ஊசி வளைவில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஸ்டீயரிங் முழு ஒடிப்பில் இருக்கிறது. முதல் கியர். சின்ன கார்களில் முதல் கியர் விகிதமும் கடைசி விகிதமும் (ஃபைனல் டிரைவ்) சேர்ந்து இன்ஜினின் முறுக்கு விசையைக் கிட்டத்தட்ட 14 மடங்கு பெருக்குகின்றன. அந்த மொத்த விசையும், மிக அதிகமாக மடங்கிய நிலையில் இருக்கும் சில குண்டுகள் வழியாகப் போகிறது. சமவெளியில் முழு ஒடிப்பு என்றால் பார்க்கிங்கில், பாரமே இல்லாமல். இங்கே ஏற்றத்தில், ஐந்து பேரோடும் மூட்டை முடிச்சோடும். மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையில் மட்டும் 14 கொண்டை ஊசி வளைவுகள்.

கிரீஸ் இருக்கும்வரை ஜாயின்ட் இதைத் தாங்கும். அதை உள்ளே வைத்திருப்பது மடிப்பு மடிப்பான ரப்பர் பூட். முழு ஒடிப்பில் அந்த மடிப்புகள் ஒன்றோடொன்று உரசும். எஸ்டேட் மண் ரோட்டில் கல்லும் குச்சியும் குத்தும். ரப்பர் வெடித்தால் சுழலும் வேகத்தில் கிரீஸ் வெளியே தெறித்து, அதன் இடத்தில் சேறும் தண்ணீரும் புகும். அதன்பின் ஜாயின்ட் தன்னைத்தானே அரைத்துக்கொள்கிறது. முதலில் வளைவில் மட்டும் ‘டக்டக்டக்’. கவனிக்காமல் விட்டால் நேர்ப் பாதையிலும் அழுத்தும்போது கரகரப்பு. உள் ஜாயின்ட் தேய்ந்தால் வேறு மாதிரி: அழுத்தும்போது வண்டி பக்கவாட்டில் நடுங்கும், விட்டால் நிற்கும்.

சோதனை எளிது. மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒருபக்கம் ஒடித்து, முதல் கியரில் மெதுவாக வட்டமடித்தபடி கொஞ்சம் அழுத்துங்கள். பிறகு மறுபக்கம். வழக்கமாக வட்டத்தின் வெளிப்பக்கச் சக்கரத்தின் ஜாயின்ட்தான் அதிகம் கத்தும். இடதுபுறம் திரும்பும்போது சத்தம் என்றால் வலதுபக்கத்தை முதலில் பாருங்கள். அடுத்து இன்ஜினை அணைத்து, ஸ்டீயரிங் ஒடித்த நிலையிலேயே டார்ச் அடித்து டயருக்குப் பின்னால் பூட்டின் மடிப்புகளுக்குள் பாருங்கள். ரிம்மின் உட்புறத்திலும் ஷாக் அப்சார்பர் மீதும் கருப்பாகக் கிரீஸ் தெறித்திருந்தால் வேறு சாட்சியே வேண்டாம்.

சத்தம் வருவதற்கு முன்பே கிழிசல் கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம். பூட் கிட் மட்டும் போதும்: ஒரு பூட், இரண்டு கிளாம்ப், ஒரு கிரீஸ் பாக்கெட், ஒரு சர்க்ளிப் (பிடிப்பு வளையம்). சக்கரத்தின் நடுவில் ஷாஃப்டைப் பிடிக்கும் ஹப் நட்டையும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலை இப்படிப் போகும். சக்கரம் தரையில் இருக்கும்போதே ஹப் நட்டின் மடக்கிய விளிம்பை உளியால் நிமிர்த்தி, இறுக்கத்தை மட்டும் தளர்த்துங்கள். பல சின்ன கார்களில் 30 அல்லது 32 மி.மீ. சாக்கெட் கேட்கும், கூடவே நீளமான பைப்பும். பிறகு ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்தைக் கழற்றுங்கள். சரிவில் ஜாக்கி வைக்கவே கூடாது, எவ்வளவு கல் அண்டை கொடுத்தாலும். சக்கரப் பகுதியைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் பால் ஜாயின்ட் போல்ட்டை முழுதாக உருவிய பிறகுதான் ஆர்மைக் கீழே தள்ள வேண்டும். அந்த போல்ட் பால் ஜாயின்ட்டின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும், பாதியில் விட்டால் எவ்வளவு அடித்தாலும் வராது. ஹப்பை வெளியே சாய்த்து ஷாஃப்டை உருவும்போது பிரேக் ஹோஸ் இழுபடாமல் பாருங்கள். ஷாஃப்டைத் தொங்கவிடாமல் கயிற்றால் கட்டிவையுங்கள். தொங்கினால் உள் ஜாயின்ட்டின் உருளைகள் விலகிவிடும்.

வெளி ஜாயின்ட்டை ஷாஃப்டிலிருந்து தட்டிக் கழற்றி, மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவி, நன்றாக உலரவிட்டு, குண்டுகளையும் பள்ளங்களையும் விரலால் தடவுங்கள். வழவழவென்று இருந்தால் பூட் மட்டும் மாற்றலாம். நகம் மாட்டும்படி குழியோ, உரிந்த செதிலோ இருந்தால் ஜாயின்ட்டை மாற்றுங்கள். குழி விழுந்த ஜாயின்ட்டில் புதுக் கிரீஸ் வைத்தால் சில வாரம் அமைதியாக இருந்துவிட்டுத் திரும்பக் கத்தும். கிரீஸ் விஷயத்தில் ஒரே பிடிவாதம் வேண்டும்: மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த சி.வி. ஜாயின்ட் கிரீஸ்தான். வீல் பேரிங்குக்குப் போடும் சாதா கிரீஸ் இங்கே உதவாது. பாக்கெட்டில் பெரும்பங்கை ஜாயின்ட்டுக்குள் அழுத்தி நிரப்பி, மீதியைப் பூட்டுக்குள் விடுங்கள்.

கிளாம்ப் இறுக்கும் முன் மொண்ணையான ஸ்க்ரூடிரைவரால் பூட்டின் சின்ன வாயைத் தூக்கி, உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றுங்கள். மேட்டுப்பாளையத்தில் அடைத்த காற்று ஊட்டியில் விரியும், பூட் உப்பிக்கொண்டு உரசும். கட்டுக்கம்பியோ பிளாஸ்டிக் டையோ வைத்துக் கட்டிக் கொடுத்தால் ஏற்காதீர்கள். முதல் மழையில் தண்ணீர் உள்ளே போய்விடும்.

பொருத்தும்போது ஹப் நட்டை டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் முடுக்க வேண்டும். அளவு மாடலுக்கு மாடல் மாறும். 200 நியூட்டன் மீட்டர் பக்கம் சர்வசாதாரணம், உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள, வண்டியைக் கீழே இறக்கும் முன்பே முடுக்குங்கள். தளர்ந்த ஹப் நட்டோடு சக்கரத்தில் பாரம் ஏற்றி உருட்டினால் வீல் பேரிங் கெட்டுப்போகும். சி.வி. ஜாயின்ட் மாற்றிய ஒரு மாதத்தில் பேரிங் ஊளையிடத் தொடங்கியது என்று கேள்விப்படுவதில் பல இப்படி வந்தவைதான். முழு ஷாஃப்டையும் கியர்பாக்ஸிலிருந்து உருவியிருந்தால் ஆயில் சீலைப் புதிதாகப் போட்டு, ஒழுகிய கியர் ஆயிலை ஈடுசெய்யவும் மறக்காதீர்கள்.

மவுண்ட், பேரிங், ஆயில்

சி.வி. நன்றாக இருக்கிறது, அழுத்தும்போது மட்டும் சத்தம் என்றால் அடுத்தது இன்ஜின் மவுண்ட். பானட்டைத் திறந்து, ஒருவர் பிரேக்கை அழுத்தி மிதித்தபடி, முதல் கியரில் கிளட்சைக் கொஞ்சம் விட்டுப் பிடிக்கட்டும். பிறகு ரிவர்ஸிலும் அதே. பக்கவாட்டில் நின்று பாருங்கள், வண்டிக்கு முன்னால் நிற்காதீர்கள். இன்ஜின் லேசாகச் சாய்வது இயல்பு. துள்ளி எழுந்தால் ரப்பர் அறுந்திருக்கிறது. அப்படிச் சாயும்போது சைலன்சர் குழாய் அடிச்சட்டத்தில் இடிக்கும், அந்த உரசல்தான் காரின் தரை வழியாகக் ‘கர்ர்ர்’ என்று வருகிறது. குழாயில் பளபளவென்று தேய்ந்த தடம் இருந்தால் உறுதி. மாற்றும்போது ஆயில் சம்ப்புக்குக் கீழே மரப்பலகை வைத்து ஜாக்கியால் தாங்குங்கள். எல்லா போல்ட்டையும் விரலால் மாட்டி, இன்ஜின் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகு கடைசியாக முடுக்குங்கள். முன்பே முடுக்கினால் புது ரப்பரும் முறுக்கிய நிலையில் நின்று சீக்கிரம் அறுந்துபோகும்.

வீல் பேரிங் சத்தம் ‘உம்ம்ம்’ என்று வேகத்தோடு ஏறும். வளைவில் மாறும். இடதுபக்கம் திரும்பும்போது கூடினால் பாரம் விழும் வலதுபக்கப் பேரிங். சக்கரத்தைத் தூக்கி, ஒரு கையால் காயில் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சுற்றினால் கரகரப்பு ஸ்பிரிங் வழியாகக் கைக்கு வரும். சுத்தியலால் அடித்து ஏற்றும் இடத்தில் பேரிங் மாற்றக் கொடுக்காதீர்கள். பிரஸ் (அழுத்தி ஏற்றும் இயந்திரம்) இருக்கும் பட்டறை வேண்டும். ஹப்பைத் தாங்கும் நக்கிளுக்குள் பேரிங்கை ஏற்றும்போது வெளி வளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். ஏ.பி.எஸ். வண்டிகளில் காந்த வளையம் உள்ள பக்கம் சென்சரை நோக்கி இருக்க வேண்டும், திருப்பிப் போட்டால் விளக்கு எரியும்.

கேரட் மூட்டையும் பச்சைத் தேயிலையும் ஏற்றும் பிக்கப், ஜீப் வகை வண்டிகளில் பின்சக்கரம் தள்ளுவதால் கணக்கு வேறு. புறப்படும்போது ‘டங்’, பிறகு கரகரப்பு என்றால் கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் மூட்டான யூ.ஜே. கிராஸ். குறிப்பிட்ட வேகத்தில் அழுத்தும்போது ஊளை, விட்டால் இல்லை என்றால் பின் அச்சின் ஹவுசிங்கில் இருக்கும் பற்சக்கர ஜோடியான கிரவுன் பினியன். நான்காவது கியர் நேரடியாக (பற்சக்கர ஜோடி வழியாகப் போகாமல்) இருக்கும் கியர்பாக்ஸ்களில் ஒரு அழகான தடயம் உண்டு: எல்லாக் கியரிலும் கத்தி நான்காவதில் மட்டும் அடங்கினால் கியர்பாக்ஸுக்குள் துணைத் தண்டாகச் சுழலும் லே ஷாஃப்டின் பேரிங், ஏனென்றால் அந்தக் கியரில் மட்டும் பாரம் அதன் வழியாகப் போவதில்லை. ஒரே ஒரு கியரில் மட்டும் சத்தம் என்றால் அந்த ஜோடிப் பல்.

கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்கும் முன் ஆயிலைப் பாருங்கள். லெவல் பிளக்கைத் திறந்தால் துளையின் விளிம்பு வரை இருக்க வேண்டும். சின்ன கார்களில் மொத்தமே 2 முதல் 2.5 லிட்டர் அளவுதான், அரை லிட்டர் ஒழுகினாலும் ஏற்றத்தில் தெரியும். டிரெய்ன் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை படிந்திருந்தால் பயப்பட வேண்டாம். விரலில் குத்தும் துணுக்கு இருந்தால் உள்ளே உடைந்திருக்கிறது. கியர்பாக்ஸுக்கு ஜி.எல்-4 ரக கியர் ஆயில் கேட்டிருந்தால் ஜி.எல்-5 ஊற்றாதீர்கள், ஜி.எல்-5இல் உள்ள ரசாயனம் சில பெட்டிகளில் கியர் மாற்றும்போது வேகத்தை ஒத்திசைக்கும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கும். பின் ஹவுசிங்குக்குப் பொதுவாக ஜி.எல்-5.

பிரேக்கைப் பற்றிச் சுருக்கமாக: இரவு மழையில் நின்ற வண்டி காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்கில் கரகரப்பது டிஸ்க்கில் படிந்த துரு, தானே போய்விடும். அதன் பிறகும் தொடர்ந்தால் பேட் தேய்ந்து இரும்பு உரசுகிறதா, டிஸ்க்குக்கும் பின் தகட்டுக்கும் நடுவே கல் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

நடுவழியில் தொடங்கினால் எது வரை போகலாம்? வளைவில் மட்டும் டக்டக் என்றால் மெதுவாக, முழு ஒடிப்பில் அழுத்தாமல் ஊர் சேரலாம். வெப்பத் தகடு, மவுண்ட் ஆகியவையும் அப்படியே. ஆனால் நேர்ப் பாதையிலும் இடித்து இடித்துக் கரகரத்தால், ஸ்டீயரிங் ஆடினால், ஒரு சக்கரத்தின் பக்கம் புறங்கையை வைத்தால் மற்றதைவிடக் கொதித்தால், பிரேக் மிதிக்கும்போது இரும்புச் சத்தம் வந்தால் வளைவைத் தாண்டி அகலமான இடத்தில் நிறுத்தி, வண்டியை ஏற்றிச் செல்ல ஆள் கூப்பிடுங்கள். இறக்கத்தில் அந்த ஆபத்தை எடுக்கவே கூடாது.

பூட் பார்க்க வருடத்தில் இரண்டு தேதிகள் போதும். கூடலூர், பந்தலூர் பக்கம் ஓடும் வண்டிக்குத் தென்மேற்குப் பருவமழைக்கு முன், மே மாதக் கடைசியில். குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்கு மழைக்கு முன், செப்டம்பர் கடைசியில். ஜாயின்ட் மாற்றிய வண்டி என்றால் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை கீழே குனிந்து, கிளாம்ப் ஓரத்தில் கிரீஸ் கசிந்திருக்கிறதா, ஆயில் சீலில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சத்தம் முதலில் கேட்ட அதே வளைவில், அதே கியரில், அதே பாரத்தோடு ஒருமுறை ஏறிப் பாருங்கள்.